ஆறு வயது மகளுடன் ஓகஸ்ட் விடுமுறை: சிங்கப்பூரா, ஹொங்கொங்கா?

கடலோரத்தார்
வணக்கம் உறவுகளே. வெள்ளவத்தையில் இருந்து எழுதுகிறேன். மகளுக்கு ஆறு வயது, முதலாம் தரம். ஓகஸ்ட் விடுமுறையில் அவளை வெளிநாட்டுத் தீம் பார்க் ஒன்றுக்கு அழைத்துச் செல்ல விரும்புகிறோம். நான், மனைவி, மகள், மாமியார் என நான்கு பேர். மாமியாருக்கு 66 வயது. முழங்கால் வலி உண்டு, மரக்கறி உணவு மட்டுமே உண்பார்.

மகள் தவழ்ந்த காலத்திலேயே பேசிய பயணம் இது. 2022 இல் ரூபாய் சரிந்தபோது அதைப் பற்றிக் கதைப்பதையே நிறுத்திவிட்டோம். பிறகு சீட்டுக் கட்டிச் சேர்த்த காசு இப்போது கையில் இருக்கிறது. கடன் வாங்கிப் போகும் எண்ணம் இல்லை.

மகள் கேட்பது ஹொங்கொங் டிஸ்னிலாண்ட். 2023 நவம்பரில் அங்கே 'வேர்ல்ட் ஒஃப் ஃப்ரோஸன்' திறந்தார்கள் அல்லவா, எல்சாவின் ஊருக்குப் போக வேண்டும் என்கிறாள். மனைவி சிங்கப்பூர் யூனிவர்சல் ஸ்டூடியோஸ்தான் நமக்குச் சரிவரும் என்கிறார். போய் வந்தவர்கள் சொல்லுங்கள். குறிப்பாகக் கூட்டம், வெயில், விசா, மாமியாரின் சாப்பாடு.

நிலாமுற்றம்
அண்ணா, முதலில் ஒரு கேள்வி. மகளின் உயரம் எவ்வளவு? வயதை விடுங்கள். பூங்கா வாசலில் வயது கேட்பது டிக்கெட்டுக்கு மட்டும். சவாரி வாசலில் அளவுகோல்தான் பேசும்.

கடலோரத்தார்
பாடசாலையில் அண்மையில் அளந்தபோது 108 சென்ரிமீற்றர்.

நிலாமுற்றம்
அப்படியானால் சிங்கப்பூரில் அவளுக்கு நிறையக் கதவுகள் திறக்கும். நான் எப்போதும் பார்த்துச் செல்லும் குறைந்தபட்ச உயரங்களைச் சென்ரிமீற்றரில் தருகிறேன். கெனொப்பி ஃப்ளையர், என்சான்டட் எயார்வேஸ் இரண்டுக்கும் 92. புஸ் இன் பூட்ஸ் சவாரிக்கு 100. ட்ரான்ஸ்ஃபோமர்ஸுக்கு 102. ஜுராசிக் பார்க் படகுச் சவாரிக்கு 107, அதாவது உங்கள் மகள் ஒரு சென்ரிமீற்றர் வித்தியாசத்தில் உள்ளே போய்விடுவாள். மம்மிக்கு 122, பெரிய இரட்டை ரோலர் கோஸ்டரான பாட்டில்ஸ்டார் கலக்டிகாவுக்கு 125. கடைசி இரண்டும் அவளுக்கு இல்லை. அதை இங்கே கொழும்பிலேயே சொல்லிவிடுங்கள். அங்கே போய் வாசலில் திருப்பி அனுப்பப்படும் பிள்ளையின் முகத்தைப் பார்ப்பது பெற்றவர்களுக்குப் பெரிய கொடுமை.

இன்னொன்று. அளவுகோல் அனுமதித்துவிட்டது என்பதற்காகப் பிள்ளையின் மனம் அனுமதித்துவிட்டது என்று எண்ண வேண்டாம். ட்ரான்ஸ்ஃபோமர்ஸ் இருட்டு, பெருஞ்சத்தம், முகத்துக்கு நேரே வரும் திரைக்காட்சி. சில ஆறு வயதுப் பிள்ளைகள் சிரித்துக்கொண்டு வெளியே வருவார்கள். சிலர் அன்று முழுவதும் வேறு எதிலும் ஏற மறுத்துவிடுவார்கள். போவதற்கு முன்னர் ஒரு ஞாயிற்றுக்கிழமை ஹங்வெல்லை லெஷர் வேர்ல்டுக்குக் கூட்டிச் சென்று பாருங்கள். அவளுக்கு எந்த வேகம் பிடிக்கிறது, எது பயமூட்டுகிறது என்று அங்கேயே விளங்கிவிடும். நடையைச் சோதிக்கத் தெஹிவளை மிருகக்காட்சிசாலையை விட நல்ல இடம் இல்லை. அந்த ஏற்ற இறக்கங்களில் காலை முழுவதும் நடந்த பின்னர் பிள்ளை எப்போது தூக்கச் சொல்கிறாள் என்று கவனியுங்கள். தீம் பார்க்கில் அதே நேரத்தில்தான் உங்களுக்கும் நிழலும் கதிரையும் தேவைப்படும். அம்மம்மாவையும் அழைத்துச் செல்லுங்கள்.

ஓய்வுபெற்ற ஆசிரியர்
தம்பி, குறுக்கிடுவதற்கு மன்னிக்கவும். பிள்ளைக்கு ஆறு வயதுதான். இந்த வயதில் பார்த்ததில் எவ்வளவு நினைவில் நிற்கும்? தரம் ஐந்து புலமைப்பரிசில் பரீட்சை முடிந்த பின்னர் போனால் என்ன? பிள்ளைக்கு அது ஓர் ஊக்கமாகவும் இருக்கும், உயரமும் கூடியிருக்கும், எல்லாச் சவாரியிலும் ஏறலாம். செலவழித்த காசுக்கும் முழுப் பயன் கிடைக்கும். உழைத்துச் சேர்த்த காசு என்பதால் சொல்கிறேன்.

நிலாமுற்றம்
ஐயா, உங்கள் மேல் மிகுந்த மரியாதை உண்டு. ஆனால் இந்தக் கருத்தை என்னால் ஏற்க முடியவில்லை, மனதார எதிர்க்கிறேன்.

நம் வீடுகளில் பிள்ளையின் எல்லா மகிழ்ச்சியையும் ஒரு பரீட்சையின் வாலில் கட்டிவிடுகிறோம். சைக்கிள் வேண்டுமா, வெட்டுப்புள்ளியைத் தாண்டு. கடலுக்குப் போக வேண்டுமா, வகுப்பு முடியட்டும். வெள்ளவத்தை, பம்பலப்பிட்டித் தெருக்களில் மாலை ஆறு மணிக்கு நின்று பாருங்கள். புத்தகப்பை சுமந்து ஒரு வகுப்பிலிருந்து இன்னொரு வகுப்புக்கு ஓடும் பிள்ளைகளின் கண்களில் தூக்கம்தான் இருக்கிறது. பத்து வயதுப் பிள்ளையிடம் "நீ இத்தனை புள்ளி எடுத்தால் டிஸ்னி" என்று சொல்லிவிட்டு, நான்கு புள்ளி குறைந்தால் என்ன செய்வோம்? கூட்டிப் போனால் சொன்ன சொல்லுக்குப் பொருள் இல்லை. போகாவிட்டால் அந்தப் பிள்ளை அதை வாழ்நாள் முழுவதும் மறக்காது.

நினைவில் நிற்குமா என்று கேட்கிறீர்கள். அன்றைய நாளில் அவள் மகிழ்ந்தாள் என்பது போதாதா? உடை மாற்றி நிற்கும் ஒரு பெண்ணை உண்மையான எல்சா என்று நம்பும் வயது இது ஒன்றுதான். பத்து வயதில் 125 சென்ரிமீற்றர் இருக்கும், அந்த நம்பிக்கை இருக்காது.

கொட்டாஞ்சேனைவாசி
இந்த விவாதம் சூடாவதற்குள் விசா விடயத்தைச் சொல்லிவிடுகிறேன். பாதி முடிவு அதிலேயே இருக்கிறது.

சிங்கப்பூருக்கு இலங்கைக் கடவுச்சீட்டுடன் சுற்றுலாவாகச் செல்ல முன்கூட்டி விசா எடுக்கத் தேவையில்லை. கடவுச்சீட்டு ஆறு மாதமாவது செல்லுபடியாக வேண்டும். திரும்பி வரும் விமானச்சீட்டு, தங்கும் இட விபரம், கையில் போதிய பணம் ஆகியவை கேட்கப்படலாம். வருகை அட்டையைப் பயணத்துக்கு முந்திய மூன்று நாட்களுக்குள் இணையத்தில் நிரப்ப வேண்டும். அது இலவசம். கட்டணம் கேட்கும் தளத்தைக் கண்டால் அது அரசுத் தளம் அல்ல, உடனே மூடிவிடுங்கள்.

ஹொங்கொங் அப்படியல்ல. நமக்கு விசா வேண்டும். எல்லா ஆவணங்களும் போய்ச் சேர்ந்த பின்னர் வழக்கமாக நான்கு வாரம் எடுக்கும். வங்கிக் கணக்குக் கூற்று, வேலைக் கடிதம், பிள்ளையின் பிறப்புச் சான்றிதழும் அதன் ஆங்கில மொழிபெயர்ப்பும் ஆயத்தமாக வைத்திருங்கள். விசா வரும்வரை திருப்பிக் கொடுக்க முடியாத டிக்கெட்டில் காசைப் போட வேண்டாம். எங்கள் உறவுக்காரக் குடும்பம் ஒன்றுக்கு ஒரு முகவர் "விசா நிச்சயம்" என்று வாயால் உறுதி சொல்லி முழுப் பணத்தையும் முன்னரே வாங்கிவிட்டார். விசா பிந்தியது. ஹோட்டல் காசு போயே போய்விட்டது.

மகளின் கடவுச்சீட்டை இன்றே எடுத்துத் திகதியைப் பாருங்கள். பிள்ளைகளின் கடவுச்சீட்டு பெரியவர்களுடையதை விட விரைவாகக் காலாவதியாகும். விடுமுறை நெருங்கும்போது பத்தரமுல்லைக் கடவுச்சீட்டு அலுவலகத்தில் கூட்டம் சேரும்.

தெஹிவளை உம்மா
அஸ்ஸலாமு அலைக்கும். வணக்கம் சகோதரர். நாங்கள் இரண்டு இடத்துக்கும் பிள்ளைகளுடன் போயிருக்கிறோம். யாரும் சொல்லாத ஒன்றைச் சொல்கிறேன்: ஓகஸ்ட் மாதம் யாருக்கு விடுமுறை என்று பாருங்கள்.

சிங்கப்பூர்ப் பிள்ளைகளுக்கு நீண்ட விடுமுறை ஜூனிலும், நவம்பர் பிற்பகுதி முதல் டிசம்பர் வரையும்தான். செப்டெம்பரில் ஒரு வாரம் உண்டு. ஓகஸ்டில் அவர்கள் பாடசாலையில் இருப்பார்கள். ஓகஸ்ட் 9 அவர்களின் தேசிய தினம், அதை ஒட்டிய நாட்களைத் தவிர்த்துச் செவ்வாய், புதன் போல ஒரு நாளில் போனால் ஓரளவு ஆறுதலாகப் பார்க்கலாம். ஹொங்கொங்கில் ஜூலையும் ஓகஸ்டும் கோடை விடுமுறை, சீனப் பெருநிலத்திலும் அப்படியே. எல்சாவின் ஊருக்கு அத்தனை பேரும் வருவார்கள். அதோடு அது சூறாவளிக் காலம். எட்டாம் இலக்க எச்சரிக்கை ஏற்றிவிட்டால் கடைகள், பஸ்கள் எல்லாம் நின்றுவிடும், அறைக்குள் அடைந்து கிடக்க வேண்டியதுதான். ஹொங்கொங் டிஸ்னிலாண்ட் குறை சொல்ல முடியாத இடம். பூங்கா அளவாக இருக்கும். சன்னி பே நிலையத்திலிருந்து போகும் ரயிலின் ஜன்னலே மிக்கி வடிவம், பிள்ளைகள் அங்கேயே குதிக்கத் தொடங்கிவிடுவார்கள். முதியவர்களுக்கு டிக்கெட் விலையும் மிகக் குறைவு. டிசம்பரில் போங்கள், குளிர் இதமாக இருக்கும். ஓகஸ்டில் வேண்டாம்.

சிங்கப்பூரிலும் ஓகஸ்ட் ஈரப்புழுக்கம்தான், ஆனால் நம் கொழும்பு உடம்புக்குப் புதிதல்ல. சில வருடங்களில் சுமாத்திராக் காட்டுத்தீயின் புகைமூட்டம் இந்த மாதங்களில் வரும். மகளுக்கு இழுப்பு இருந்தால் மருந்தை மறக்க வேண்டாம். இடி மின்னல் என்றால் வெளிப்புறச் சவாரிகளை நிறுத்துவார்கள். அதனால் வெளியில் உள்ளவற்றைக் காலையிலேயே முடித்துவிட்டு, கூரைக்குள் இருப்பவற்றைப் பிற்பகலுக்கு வைத்துக்கொள்ளுங்கள்.

பாலைக்காற்று
நான் அபுதாபியில் வேலை செய்யும் கொழும்புக்காரன். யாஸ் தீவைப் பற்றி யாரும் எழுதவில்லையே என்று வந்தேன். 2018 இல் திறந்த வோர்னர் பிரதர்ஸ் வேர்ல்ட் முழுவதும் கூரைக்குள், குளிரூட்டப்பட்ட இடம். அம்மம்மாவுக்கு அதைப் போல வசதி வேறெங்கும் இல்லை. அருகிலேயே ஃபெராரி வேர்ல்ட், 2023 முதல் சீவேர்ல்டும் இருக்கிறது. ஆனால் ஓகஸ்டில் கட்டடத்தை விட்டு வெளியே காலடி வைத்தால் 40 பாகைக்கு மேல். விசாவும் எடுக்க வேண்டும். இங்கே சொந்தக்காரர் வீடு இருந்தால் ஜனவரியில் வாருங்கள். யாஸ் தீவில் டிஸ்னி பூங்கா ஒன்று அமைக்கப்போவதாக 2025 மே மாதம் அறிவித்திருக்கிறார்கள். கட்டி முடிக்க வருடங்கள் எடுக்கும், உங்கள் மகள் இன்னும் வளர்ந்த பிறகு அதையும் பார்க்கலாம்.

கணக்குப்பிள்ளை
செலவைப் பற்றி எழுதுகிறேன். விமானச்சீட்டில் இரண்டு வயது கடந்த பிள்ளைக்குத் தனி இருக்கை, கிட்டத்தட்டப் பெரியவர் கட்டணம். ஆகவே நான்கு பேர் என்றே கணக்குப் போடுங்கள். யூனிவர்சலில் பெரியவருக்கு ஒரு நாள் டிக்கெட் 80 சிங்கப்பூர் டொலருக்குக் குறையாது, 4 முதல் 12 வயது வரை பிள்ளைக் கட்டணம். வரிசையைத் தாண்டிச் செல்லும் எக்ஸ்பிரஸ் அட்டை தனி. நெரிசலான நாட்களில் அதன் விலை டிக்கெட்டை நெருங்கும் அல்லது தாண்டும். உங்கள் மகள் ஏற முடியாத பெரிய சவாரிகளுக்குத்தான் அந்த அட்டையால் அதிக லாபம். கூட்டமில்லாத வார நாளில் போகிறீர்கள் என்றால் அந்தக் காசைத் தங்குமிடத்தில் போடுங்கள்.

நீங்களும் மனைவியும் ரோலர் கோஸ்டரில் ஏற விரும்பினால் ஒரு வசதி உண்டு. ஒருவர் பிள்ளையுடன் காத்திருக்க மற்றவர் சவாரி செய்யலாம், பிறகு மறுபடியும் வரிசையில் நிற்காமல் ஆள் மாறிக்கொள்ளலாம். வாசலில் உள்ள பணியாளரிடம் கேளுங்கள்.

கடனட்டையை வெளிநாட்டுப் பாவனைக்குத் திறந்துவிடும்படி வங்கிக்கு முன்கூட்டியே சொல்லுங்கள். ஒவ்வொரு கொடுக்கல் வாங்கலிலும் மாற்றுக் கட்டணம் சேரும், அதைக் கேட்டுத் தெரிந்துகொண்டு போனால் மாதக் கடைசியில் அதிர்ச்சி இராது. கைச்செலவுக்கான டொலரை அனுமதி பெற்ற மாற்றுநரிடம் கடவுச்சீட்டையும் விமானச்சீட்டையும் காட்டி வாங்கி, பற்றுச்சீட்டைப் பத்திரமாக வைத்திருங்கள்.

கொட்டாஞ்சேனைவாசி
யாராவது லெகோலாண்ட் மலேசியாவைச் சொல்வீர்கள் என்று பார்த்தேன். 2012 இல் திறந்த இடம், இரண்டு வயது முதல் பன்னிரண்டு வயதுப் பிள்ளைகளுக்காகவே கட்டப்பட்டது. ஆறு வயதுக்கு யூனிவர்சலை விட அதுவே பொருத்தம் என்பேன். ஜொகூர் மாநிலத்தில், சிங்கப்பூர் எல்லையைத் தாண்டியவுடன் இருக்கிறது.

தெஹிவளை உம்மா
பொருத்தம்தான், மறுக்கவில்லை. ஆனால் மலேசியாவுக்கு நமக்கு விசா வேண்டும். துவாஸ் பாலத்தில் சிங்கப்பூர்ப் பக்கம் ஒருமுறை, மலேசியப் பக்கம் ஒருமுறை பஸ்ஸை விட்டு இறங்கி வரிசையில் நிற்க வேண்டும். திரும்பும்போதும் அப்படியே. முழங்கால் வலியுள்ள அம்மாவை அந்தப் படிகளில் ஏற்றி இறக்க வேண்டுமா?

சாப்பாட்டைப் பற்றியும் சொல்லிவிடுகிறேன். பூங்காவுக்குள் ஹலால் சான்றிதழ் பெற்ற உணவகங்கள் இருக்கின்றன, எங்களுக்குச் சிரமம் இருக்கவில்லை. மரக்கறி மட்டும் என்றால் தெரிவு குறைவு. ஆனால் லிட்டில் இந்தியாப் பக்கம் தங்கினால் அம்மாவுக்குச் சொந்த ஊர் போல இருக்கும். சிராங்கூன் வீதியில் காலையில் இட்டலி, தோசை, கோமள விலாஸ் 1947 முதல் அங்கே மரக்கறிச் சாப்பாடு போடுகிறது. வீரமாகாளியம்மன் கோயில் நடந்து போகும் தூரம். நான்கு ஆட்சிமொழிகளில் தமிழும் ஒன்று என்பதால் பல அறிவிப்புகளைத் தமிழிலேயே வாசிக்கலாம், வயதானவர்களுக்கு அது பெரிய தைரியம். அங்கிருந்து வடகிழக்கு வழித்தட ரயிலில் மாறாமல் ஹார்பர்ஃபிரண்ட் போகலாம். விவோசிட்டி கட்டடத்தின் மேல்மாடியில் ஏறினால் செந்தோசாவுக்குச் சிறு ரயில், முதல் நிறுத்தமே யூனிவர்சல்.

நள்ளிரவுக்குப் பின் கட்டுநாயக்காவில் புறப்பட்டுக் காலையில் போய் இறங்கும் விமானம் என்றால் அன்று பூங்காவுக்குப் போகவே வேண்டாம். நேரமும் இரண்டரை மணி முன்னால் நகர்ந்துவிடும், பிள்ளை தூங்கியிருக்காது. சாங்கி விமான நிலையத்திலேயே ஜூவல் கட்டடத்தில் 40 மீற்றர் உயரத்து உள்ளக நீர்வீழ்ச்சி இருக்கிறது, பார்க்கக் காசு இல்லை. அதைப் பார்த்துவிட்டுத் தங்குமிடம் போய்த் தூங்குங்கள்.

ஓய்வுபெற்ற ஆசிரியர்
நிலாமுற்றம் மகள் எழுதியதை நேற்றிரவு மறுபடியும் வாசித்தேன். பரீட்சையையும் இதையும் முடிச்சுப் போட வேண்டாம் என்பது நியாயம். எத்தனையோ பிள்ளைகளை அந்தப் பரீட்சை மண்டபத்துக்கு அனுப்பிவைத்தவன் நான், பெறுபேறு வந்த அன்று அழுத முகங்களும் எனக்குத் தெரியும். ஆனால் ஒன்று சொல்வேன். எல்சாவைப் பார்க்க வேண்டும் என்று கேட்கும் பிள்ளையிடம் ஹொங்கொங் ஏன் இல்லை என்பதை வடிவாகச் சொல்லுங்கள். "அங்கே இப்போது சூறாவளிக் காலம், கூட்டமும் அதிகம், அம்மம்மாவுக்குக் கால் நோகும்" என்றால் ஆறு வயதுக்கு விளங்கும். விமானம் ஏறிய பின்னர் சொல்ல வேண்டாம்.

மாமியார் அம்மாவையும் பூங்காவில் முழு நாளும் நடக்க வைக்க வேண்டாம். பிள்ளையுடன் சேர்ந்து பார்க்கக்கூடிய காட்சிகளுக்கு மட்டும் அவர் வரட்டும்.

நிலாமுற்றம்
ஐயா, இவ்வளவு பெரிய மனதுடன் எழுதியதற்கு நன்றி.

அண்ணா, 2025 பெப்ரவரியில் யூனிவர்சலில் மினியன் பகுதியும் திறந்திருக்கிறார்கள். ஆறு வயதுக்கு மிகவும் பிடிக்கும். மகளின் கையில் உங்கள் தொலைபேசி இலக்கம் எழுதிய வளையம் ஒன்று கட்டிவிடுங்கள். ஜீவனிப் பொதிகளும் காய்ச்சல் பாணியும் கைப்பையில் இருக்கட்டும். தள்ளுவண்டியை இங்கிருந்து இழுத்துச் செல்லத் தேவையில்லை, பூங்கா வாசலிலேயே வாடகைக்கு எடுக்கலாம். ஆறு வயதுக்கு எதற்கு என்று நினைக்க வேண்டாம். பிற்பகல் மூன்று மணிக்கு அதன் அருமை தெரியும்.

கடலோரத்தார்
எல்லோருக்கும் மனமார்ந்த நன்றி. வீட்டில் இருந்து பேசி முடிவெடுத்துவிட்டோம். சிங்கப்பூர், தேசிய தினம் கழிந்த வாரம், லிட்டில் இந்தியாவில் தங்குகிறோம். இறங்கும் நாளில் ஓய்வு. யூனிவர்சலுக்கு வார நடுவில் ஒரு முழு நாள், அதுவும் எக்ஸ்பிரஸ் அட்டை இல்லாமல். மாமியார் அன்று காலை கோயிலுக்குப் போய்விட்டு, மனைவியுடன் மதியத்துக்குப் பின் வந்து சேர்ந்துகொள்வார். காலைச் சவாரிகள் எனக்கும் மகளுக்கும். மறுநாள் எதுவும் வைக்கவில்லை, அதற்கடுத்த நாள் மண்டாய் மிருகக்காட்சிசாலை.

ஹொங்கொங் ஏன் இல்லை என்று மகளிடம் நேற்றே சொல்லிவிட்டேன். கொஞ்ச நேரம் முகம் வாடினாள். பிறகு "டிசம்பரில் சூறாவளி வருமா?" என்று கேட்டாள். அந்தக் கேள்விக்கு இன்னொரு சீட்டுத்தான் கட்ட வேண்டும், கட்டுவோம்.

மகளின் கடவுச்சீட்டில் ஐந்து மாதம்தான் மீதி இருக்கிறது, பயணம் வரும்போது இன்னும் குறையும். திங்கட்கிழமை பத்தரமுல்லை போகிறேன். கடைசியாக ஒரு கேள்வி: அந்தப் படகுச் சவாரியில் எவ்வளவு நனைவோம்?

தெஹிவளை உம்மா
உள்ளாடை வரை. அதைக் காலையில் முதலாவதாகப் போகாமல், வெயில் ஏறிய பின்னர் போங்கள், காய்ந்துவிடும். மாற்றுடுப்பும் ஒரு சிறிய துவாயும் பையில் வையுங்கள். பிளாஸ்டிக் மழையங்கியைப் புறக்கோட்டையில் நான்கு வாங்கிவிடுங்கள். பூங்காவுக்குள் விலை அதிகம், மழைக்கும் அதுவே உதவும். பிள்ளையின் சப்பாத்து மட்டும் நனையக் கூடாது, ஈரச் சப்பாத்துடன் நடந்தால் கால் கொப்பளிக்கும். படகில் ஏற முன்னர் செருப்புக்கு மாற்றிவிடுங்கள், கழன்று விழாத வார்ச்செருப்பாக இருக்கட்டும்.